சத்தம் குறைவா பாடுற பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை ராஜமாணிக்கம் சுவரில் அடித்து உடைத்த ரேடியோவின் துண்டுகள் இன்னும் அடுப்படி மூலையில் ஒரு கேரி பையில் கிடந்தன. யாரும் அதைத் தெருவுக்கு எடுத்துப் போகவில்லை. எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும்.

அன்று நடந்தது இவ்வளவுதான். நைட் ஷிப்ட் முடித்து வந்து அவர் கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி சந்திரகலா ரேடியோவை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். மகள் பூமிகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்து வந்து இரண்டு பேரையும் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார்.

“எனக்குக் கேக்காம இன்னாத்தடி கேக்கறீங்க ரெண்டு பேரும்?” என்றார். அடுத்த நொடி ரேடியோ சுவரில்.

தூக்கம் கெட்ட கோபம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் எடுத்துக்கொள்ள முடியும். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இரவு முழுக்க இடுக்கி பிடிக்கிற மனிதர். பகலில் தூங்கினால்தான் மறுநாள் கை நிற்கும். அவருக்காக இந்த வீடு பல வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. சந்திரகலா குக்கரை விசில் இல்லாமல் வைப்பாள். மிக்சி பொழுது சாய்ந்த பிறகுதான். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய். டிவியில் சீரியல் ஓடும், வாய் மட்டும் அசையும். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று பூமிகா முகத்தைப் பார்த்து அம்மாவுக்குச் சொல்வாள், அதையும் சைகையில்.

உடைத்தவருக்கே மறுநாள் வெட்கமாகிவிட்டது. “நான்தான் ஒடச்சேன். நானே வாங்கித் தரேன்” என்றார்.

இன்று பூமிகாவுக்குக் கம்பெனியில் வார விடுமுறை. ராஜமாணிக்கம் மில்லில் இருந்து வந்து, குளித்து, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, கண் சிவந்தபடியே அவர்களோடு கிளம்பினார். இடது முன்கையில் கட்டு. அந்த வாரம் ஷிப்டில் பொறி பட்டது என்று சொல்லியிருந்தார். முழங்கை வரை பொறி எப்படிப் படும் என்று சந்திரகலா கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை. அவள் கேட்கிற பாதிக்கு அவரிடம் பதில் கிடையாது.

கும்மிடிப்பூண்டி பஜாரில், ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ரிஜ்வானின் செல்போன் கடை. ரிஜ்வானுக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. குடும்பமே கருவாடும் இறாலும் விற்ற குடும்பம், இவன் மட்டும் பர்மா பஜாருக்கும் இங்குமாக அலைந்து சைனா சாமான் விற்கிறான். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது.

“வா அக்கா. உக்காருங்கண்ணே. இன்னா, தூங்கலையா? கண்ணு கோவப்பழம் மாதிரி கீது.”

“ரேடியோ வேணும்” என்றார் ராஜமாணிக்கம்.

“ரேடியோவா? ரெண்டாயிரத்தொம்பதுல வந்துகினு ரேடியோ கேக்கறீங்களே. பொண்ணு கையில இம்மாம் பெரிய மியூசிக் போன வச்சுக்கினு.” ரிஜ்வான் கண்ணாடி அலமாரிக்குள் கையை விட்டு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான். “புளூடூத் ஸ்பீக்கர். போன வாரம்தான் வந்துச்சு. ஒயரே கெடையாது. பாட்டு போன்ல கீது, சத்தம் இதுல வரும்.”

சந்திரகலா பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். “அப்ப பாட்டு எப்டி இங்க வருது?”

“காத்துல.”

“காத்துல வந்தா பக்கத்து ஊட்டுக்கும் போவுமே.”

“முப்பது அடி தாண்டாது அக்கா. உங்க ஊடு முப்பது அடியா?”

“எங்க ஊடு முப்பதடி இருந்தா நான் ஏன்யா உன் கடைக்கு வரேன்” என்றாள் அவள். ரிஜ்வான் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து ராஜமாணிக்கமும் சிரித்தார்.

பெரியது செங்கல் மாதிரி கறுப்பாக, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. ரிஜ்வான் முதலில் அதைத்தான் தட்டிக் காட்டினான். “இது போட்டா தெருவே அதிரும்.”

“தெரு அதிர வேணாம் பாய். சத்தம் குறைவா பாடறது இருக்குதா?”

“இன்னாது?”

“ரொம்பக் குறைவா. அடுப்படியில வச்சா ஹால்ல கேக்கக் கூடாது.”

ரிஜ்வான் பூமிகாவைப் பார்த்தான். “எல்லாரும் எவ்ளோ சத்தம் வரும்னு கேப்பாங்க. உங்கம்மா எவ்ளோ வராதுன்னு கேக்கறாங்க.”

“நைனா பகல்ல தூங்குவாரு அண்ணா” என்றாள் பூமிகா.

அதனால் தேர்வு தலைகீழாக நடந்தது. பூமிகா போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டு ஒவ்வொரு பெட்டியோடும் இணைத்தாள். சத்தத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை, குறைத்துக்கொண்டே வந்தார்கள். கறுப்புச் செங்கல் எவ்வளவு குறைத்தாலும் ஒரு அளவுக்குக் கீழே இறங்கவில்லை. அதற்கு மேல் குறைத்தால் ஒரேயடியாக ஊமை. அதோடு, அதை உயிர்ப்பிக்கும்போது ‘டிடிங்’ என்று ஒரு மணி அடித்தது. அதன் சத்தத்தைக் குறைக்கவே முடியாது என்றான் ரிஜ்வான். சந்திரகலா உடனே அதைத் தள்ளி வைத்தாள். இரண்டாவது, குறைத்தால் கரகரத்தது.

மூன்றாவது வெள்ளையாக, தோசைத் தட்டைவிடச் சின்ன வட்டம். நடுவில் ஒரு நீல விளக்கு பாட்டு ஓடும்போது நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது. அது நன்றாகக் குறைந்தது. பாடுகிறவள் அடுத்த அறையில் வாயைப் பொத்திக்கொண்டு பாடுவது போல. சந்திரகலா குனிந்து காதை வைத்துக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு. ஒரு வரி அவள் உதட்டிலும் அசைந்தது.

“நீ கேளுய்யா. இது தூக்கத்தக் கெடுக்குமா பாரு” என்று பெட்டியை அவருக்கு எதிரில் கல்லா மேசைமேல் நகர்த்தினாள்.

ராஜமாணிக்கம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தலை மெதுவாக ஆடத் தொடங்கியது. ரசித்துத்தான் ஆட்டினார்.

பூமிகாவின் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர். “நாளைக்கு ஷிப்ட் மாத்துறானுங்க போல” என்று முணுமுணுத்தபடி அவள் போனோடு கடையை விட்டு இறங்கி, ஆட்டோ இரைச்சலைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

பாட்டு நின்றுவிட்டது. போன் தூரம் போனதும் பெட்டியின் விளக்கு அதைத் தேடி வேகமாக மினுக்க ஆரம்பித்தது. பட் பட் பட் என்று.

ராஜமாணிக்கத்தின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது வேகமாக. ஏதோ குத்துப் பாட்டு வந்துவிட்டது போல.

சந்திரகலா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு அவர் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். விளக்கில் இருந்தது.

ரிஜ்வானும் பார்த்துவிட்டான். “அண்ணே, அது…” என்று வாயெடுத்தவன், சந்திரகலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். வாய் ஓயாத மனிதன்.

அவள் அவருக்கு நேரெதிரே வந்து நின்றாள். “எப்டிக் கீது பாட்டு?”

“நல்லாக் கீது. இதான் குறைச்ச சத்தம். தூக்கம்லாம் கெடாது. இதையே வாங்கு.”

பூமிகா திரும்பி வந்தபோது ரிஜ்வான் கறுப்புச் செங்கலை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாம்மா இது? தெரு அதிரறது வேணாம்னியே?”

“இதான் வேணும்” என்றாள் சந்திரகலா.

“டிடிங்னு அடிக்குமேம்மா. நைனா…”

“அடிக்கட்டும்.”

ஷேர் ஆட்டோவில் அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்திரகலா நேர் பின்னால். பஜார் தாண்டி வண்டி நின்ற இடத்தில், இரைச்சல் கொஞ்சம் அடங்கியபோது, அவள் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். “என் தங்கச்சி நாளைக்கு வரா.”

பதில் இல்லை.

“யோவ். உன் லுங்கி அவுந்து கெடக்குது.”

டிரைவர் திரும்பிப் பார்த்தான். இவர் பார்க்கவில்லை.

அப்போது அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எத்தனை வருஷம். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டே சொன்னது, துணி காயப்போட்டபடி சொன்னது, விளக்கை அணைத்த பிறகு சொன்னது. எதற்கும் பதில் வந்ததில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டாள். ஆம்பளைத் திமிர். அதற்காக நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள். அதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் சாய்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருக்கிறது ஒரே அறை, ஒரு அடுப்படி, நடுவே கதவில்லாத வாசல். பூமிகா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு விரல் நுனியில் நடந்து வந்தாள்.

“கீழ போடு அத” என்றாள் சந்திரகலா. பகலில் இந்த வீட்டில் பேசாத குரலில்.

பூமிகா பதறிவிட்டாள். “மெதுவாப் பேசும்மா.”

“வேணாம். இனிமே வேணாம். உங்க நைனாவுக்குக் காது கேக்கல.”

பூமிகா கட்டிலைப் பார்த்தாள். முதுகு அசையவில்லை.

“பேசறாரேம்மா. பதிலெல்லாம் சொல்றாரே.”

“மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு. டிவியில நீ எனக்கு வாயப் பாத்துச் சொல்லுவ இல்ல, அந்த மாதிரி. கடையில பாட்டு நின்னு போச்சு. வௌக்கப் பாத்துத் தலையாட்டிக்கினு கீறாரு மனுசன்.”

“கம்பெனியில வருசா வருசம் காது டெஸ்ட் எடுக்கறாங்க. நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லுவாரே” என்றாள் பூமிகா.

“எதுர எவளாவது பட்டன அமுக்கிக்கினு உக்காந்திருப்பா. இவரு அவ கையப் பாத்திருப்பாரு.”

“தெரிஞ்சா வேலைய உட்டு அனுப்பிடுவாங்கம்மா. கான்ட்ராக்டு ஆளு. கேட்டுல வாட்ச்மேனா உக்கார வைக்கக்கூட மாட்டானுங்க.”

“தெரியலன்னா?”

பூமிகா அப்பாவின் கையைப் பார்த்தாள். கட்டு போட்ட கை கட்டில் சட்டத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மில்லில் கம்பி உருளைக்குள்ளிருந்து சிவப்பாகச் சீறி வரும். இந்தப் பக்கம் நிற்கிறவர் இடுக்கியால் கவ்வித் திருப்பி மறுபடி உள்ளே விட வேண்டும். கம்பி தடம் மாறினால் யாராவது கத்துவார்கள். கத்தின உடனே குதித்து விலக வேண்டும். அங்கே இருப்பது அந்தக் கத்தல் ஒன்றுதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவரே இதைக் கதையாகச் சொல்லியிருக்கிறார்.

“பொறின்னாரே” என்றாள்.

“ம்.”

சந்திரகலா அன்று குக்கரில் விசிலைப் போட்டாள். அது கூவியபோது இரண்டு பேரும் போய்க் கட்டிலை எட்டிப் பார்த்தார்கள். அவர் கண் திறந்துதான் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி, ஒரு விரலால் காதை அழுத்திக்கொண்டிருந்தார். விசில் அடங்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை. தூங்கவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் எழுந்து முகம் கழுவி வந்தவருக்குத் தேநீரைக் கொடுத்துவிட்டு, சந்திரகலா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“புது ஸ்பீக்கர் எடுத்துக்கினு வந்தோமே. பாத்துடலாமா?”

“இப்பவா? வேன் வர நேரம்.”

“அஞ்சு நிமிசம். நீ கண்ணாடிப் பக்கம் திரும்பி உக்காரு. பின்னாடி வச்சுப் பாட்டப் போடறேன். கேட்டா கையத் தூக்கு.”

ராஜமாணிக்கம் அவளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு பீரோ கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “இன்னா வெளயாட்டு இது, பேஜாரு” என்றார். குரலில் பயம் இருந்ததாகப் பூமிகாவுக்குப் பட்டது.

கறுப்புப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூமிகா பொத்தானை அழுத்தினாள். ‘டிடிங்’ என்றது. அதிலும் ஒரு நீல விளக்கு எரிந்தது. அவர் கை உயர்ந்தது.

நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. கை இறங்கியது.

மறுபடி போட்டாள். கை உயர்ந்தது. சரியாக, அந்த நொடியில். “பாத்தியா?” என்றார் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து. பூமிகா அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

சந்திரகலா எழுந்தாள். பீரோ கண்ணாடியில் அலமாரி தெரிந்தது. பெட்டியும் தெரிந்தது. அதன் நெற்றியில் நீல விளக்கும் தெரிந்தது.

அவள் தன் நெற்றியில் இருந்த பொட்டை உரித்தாள். பெரியபாளையத்தம்மன் கோயில் வாசல் கடையில் வாங்கிய பெரிய அரக்கு ஸ்டிக்கர் பொட்டு. போய் அந்த விளக்கின்மேல் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினாள். நீலம் ஒரு சொட்டும் வெளியே தெரியவில்லை.

“போடு” என்றாள்.

பாட்டு வந்தது. கடையில் குறைத்துக் கேட்ட அதே பாட்டு. பூமிகா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அவர் கை மடியிலேயே இருந்தது. இன்னும் கூட்டினாள். தெருவில் போன யாரோ வாசல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் கண்ணாடியில் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். விளக்கு வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

பக்கத்து வீட்டுச் செண்பகம் சுவரைத் தட்டினாள். “இன்னா கலா, காது குத்தா உங்க ஊட்ல?”

“இன்னும் போடலையா?” என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

பதில் வராததால் திரும்பினார். பெட்டியைப் பார்த்தார், பிறகு சந்திரகலாவை. அவருக்கு எதுவும் தப்பாது, கண்ணால் பார்க்கிற எதுவும்.

“பொட்டு எங்கடி?”

அவள் பெட்டியைக் காட்டினாள். அவர் எழுந்து வந்து பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். அது அதிர்ந்தது. கையை எடுக்காமல் நின்றார். பூமிகா பாட்டை நிறுத்தியதும்தான் எடுத்தார்.

“எத்தினி நாளாய்யா?” என்றாள் சந்திரகலா. மெதுவாக, உதட்டை நன்றாகத் திறந்து.

“கேக்காமலா கீது? கேட்டுக்கினேதான் கீது. மில்லு ஓடற சத்தம். ஊட்டுக்கு வந்தாலும் உள்ள ஓடிக்கினே கீது, நிக்கறதே இல்ல. நீங்க ரெண்டு பேரும் கம்முனு இருக்க இருக்க அது பெருசா ஆவுது.” அவர் கட்டிலில் உட்கார்ந்தார். “ஒரு பாட்டு கீட்டு பெருசா ஓடினா தூங்குவேன்னு நெனப்பேன். வெளிய சொல்ல முடியுமா?”

பூமிகா அடுப்படி மூலையில் கிடந்த கேரி பையைப் பார்த்தாள்.

“இன்னிக்கு போவாத” என்றாள் சந்திரகலா.

“போவாம?”

“போவாதன்னா போவாத. இன்னொரு வேல பாக்கலாம்.”

“இந்த வயசுல செவுட்டுப் பயலுக்கு எவன்டி வேல குடுப்பான்? இதான் எனக்குத் தெரிஞ்ச வேல. அங்க எனக்குக் கண்ணு போதும்.”

“கண்ணு போதும்னா கை ஏன் வெந்துச்சு?”

அவர் அவள் வாயைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். பேச்சை முடிக்க அவருக்கு அது போதும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால் சிரமப்பட்டுக் கயிற்றைக் கோக்க ஆரம்பித்தார்.

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. இரண்டு முறை.

அவர் ஷூ கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார்.

சந்திரகலா நெற்றியில் பொட்டில்லாமலேயே வாசலைத் தாண்டினாள். பூமிகா பின்னாலேயே ஓடினாள். டிரைவர் தேசப்பன் கண்ணாடியை இறக்கினார்.

“இன்னாக்கா, மாணிக்கம் அண்ணன் எங்க?”

“இன்னிக்கு வரமாட்டாரு.”

தேசப்பன் அவள் நெற்றியைப் பார்த்தார். “நல்லதுக்கா. கை வெந்த அன்னிக்கு நாலு பேரு கத்துனாங்களாம், அண்ணன் திரும்பலையாம். பசங்க பயந்து போய் கீறானுங்க. மேஸ்திரிகிட்ட இன்னான்னு சொல்லட்டும்? நாளைக்கு வராரா?”

உள்ளே இருந்த ஆட்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நாளைக்கு என்று சொன்னால் ஒரு நாள். உண்மையைச் சொன்னால் மொத்த வேலையும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“காது கேக்கலன்னு சொல்லு” என்றாள்.

“அம்மா” என்றாள் பூமிகா.

வேன் ரிவர்ஸில் நகர்ந்தது. பீம் பீம் என்று தெரு முழுக்க அலறியபடி திரும்பி, புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று. அந்தத் தெருவில் அதைக் கேட்காதவர்கள் யாரும் இருக்க முடியாது.

இருவரும் வீட்டுக்குள் வந்தபோது ராஜமாணிக்கம் ஷூ போட்டு முடித்து, தலை வாரி, சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார். முகத்தில் கோபம் தணிந்திருந்தது.

“இன்னாடி இன்னிக்கு?” என்றார். “வேன் இன்னும் வரலையா?”